அந்த ஏழு வாரம்

"எனக்கு முதல்ல சொல்லியிருக்கலாமே" என்றுதான் மொழிபெயர்ப்பாளர் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. சாப்பாட்டு டப்பாவை மைக்ரோவேவில் வைத்துவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இந்த மூன்று வருஷத்தில் பல விதமாக நினைத்துப் பார்த்துவிட்டேன். "எல்லாத்தையும் சிஸ்டத்துல போடணும்கிறதுதானே விதி" என்று சொன்னதாகத்தான் பெரும்பாலும் ஞாபகம் வருகிறது.

ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம் ஒன்றின் ஆங்கிலப் பதிப்பு அது. மொழிபெயர்த்தவர் அவர்; விளையாடிப் பார்த்து வசனத்தில் பிழை பிடிப்பது என் வேலை. இரண்டாம் அத்தியாயத்தில் முகமூடி அணிந்த தளபதி ஒருவர் வருவார். ஆணா பெண்ணா என்பது ஏழாம் அத்தியாயம் வரை தெரியக்கூடாது. ஜப்பானிய மொழியில் இதற்கு மெனக்கெடவே வேண்டாம். எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால் 'அனோ கத்தா'. நம் 'அவர்' மாதிரியேதான். ஆங்கிலத்தில் இரண்டாம் அத்தியாயத்திலேயே 'ஷி', அதாவது 'அவள்', என்று இருந்தது. இன்னும் இரண்டு டெஸ்டர்கள் அந்தக் காட்சியை ஏற்கெனவே தாண்டிப் போயிருந்தார்கள். வீட்டில் 'அவர்' என்று பேசி வளர்ந்ததால்தான் எனக்கு அது உறுத்தியது என்று நினைக்கிறேன்.

அவர் மேல் தப்பில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு வந்தது ஒரு எக்ஸெல் தாள். வரி எண், ஜப்பானிய வசனம், பக்கத்தில் காலிக் கட்டம், அவ்வளவுதான். பேசுவது யார், யாரைப் பற்றி என்பதற்குப் பாதி இடங்களில் குறிப்பே கிடையாது. ஏழாம் அத்தியாயம் நான்கு மாதம் கழித்து, வேறொருவர் கைக்குப் போனது. தளபதியின் படத்தைக்கூட முதலில் மொழிபெயர்த்தவருக்கு யாரும் அனுப்பவில்லை.

நான் அதை ஏ பக், அதாவது ஏ வகைப் பிழை, என்று பதிவு செய்தேன். ஏ என்றால், அதைச் சரிசெய்யாமல் கேம் வெளியே போகாது. நாற்பது சொச்சம் வரிகள், அதில் பதினொன்று ஏற்கெனவே குரல் பதிவானவை. ஆண் பெண் இரண்டுக்கும் பொதுவான 'தே' என்று மாற்றிவிட்டால் போதாதா என்று கூட்டத்தில் கேட்டார்கள். போட்டால் எதையோ ஒளிக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். மூலத்தில் ஒளிப்பதே தெரியாது. ஆகவே சுட்டுப்பெயரே வராமல் ஒவ்வொரு வரியையும் திருப்பி எழுதினார். வாக்கியங்கள் நீண்டன. வசனப் பெட்டி கொள்வது மூன்று வரி, நான்காவது வரி கீழே வெட்டுப்பட்டது. மறுபடி சுருக்கல். அப்புறம் குரல் கொடுத்தவர்களைத் திரும்ப ஸ்டூடியோவுக்கு அழைத்தது, விளையாட்டுக் கருவியான கன்சோலைத் தயாரிப்பவர்களிடம் மறுபடி சான்றிதழ் பரிசோதனைக்கு அனுப்பியது. மொத்தம் ஏழு வாரம்.

ஒத்திவைப்பு அறிவிப்பில் "மொழிபெயர்ப்பின் தரத்தை உயர்த்துவதற்காக" என்று இருந்தது. அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர் சோம்பேறி, வேலை தெரியாதவர் என்று ரசிகர்கள் முடிவு கட்டினார்கள். முந்தைய கேமின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தேடிப் பிடித்து அவருக்கே எழுதினார்கள். டெஸ்டர் பெயரை யார் தேடப்போகிறார்கள்?

ஆதரவுக் குழுவில் ஆள் போதாமல் அந்த நாட்களில் வந்த மின்னஞ்சல்களைப் பிரிக்கும் வேலையில் என்னையும் போட்டார்கள். வெளியீட்டு நாளுக்கு லீவு போட்டிருந்தவர் ஒருவர், டிக்கெட்டை ரத்து செய்தவர் ஒருவர். "ஜப்பான்காரர்கள் ஒரு வருஷம் முன்பே முடித்துவிட்டார்கள், கதை தெரிந்துவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாழ்கிறேன்" என்று ஒருவர். திட்டியவர்களை என்னால் முழுக்க வெறுக்க முடியவில்லை. 'ட்ரெய்ல்ஸ் இன் தி ஸ்கை' என்ற ஜப்பானிய கேமின் முதல் பாகம் 2011இல் ஆங்கிலத்தில் வந்தது. கதையை நட்டாற்றில் விட்டு முடியும். ஜப்பானில் 2006லேயே வந்துவிட்ட இரண்டாம் பாகம், ஆங்கிலத்தில் 2015 அக்டோபரில்தான் வந்தது. 'மதர் 3' 2006இல் ஜப்பானில் வந்தது, ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வரவே இல்லை. ரசிகர்களே 2008இல் மொழிபெயர்த்து முடித்தார்கள். இப்படிக் காத்துக் காத்துப் பழகியவர்களுக்கு ஒத்திவைப்பு என்ற சொல்லே பழைய காயத்தைக் கீறுவதுதான். "நான்கரை வருஷம் காத்தவன் நான், ஏழு வாரம் எனக்கு ஒன்றுமில்லை, ஒழுங்காகச் செய்யுங்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதை மொழிபெயர்ப்பாளருக்குக் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டவில்லை.

நான் செய்தது சரி என்று சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 'ஈஸ் 8' என்ற ஜப்பானிய கேம் 2017இல் பிளேஸ்டேஷனில் அறிவித்த நாளில் ஆங்கிலத்தில் வந்தது. ஓர் இடத்தின் பெயர் 'பெரிய ஓட்டை' என்கிற அளவில் இருந்ததைப் பார்த்து ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டு, வசனம் முழுவதையும் திருத்தி அடுத்த வருஷம் தர வேண்டியிருந்தது. தாமதமாவது பரவாயில்லை, தப்பாக வந்தால் அது நிற்கும். இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் மொழிபெயர்ப்பாளர் கேட்டது தாமதத்தைப் பற்றி இல்லையே. பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டு மேசை தள்ளி நடந்து போய், "இதைப் பாருங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் பதினொரு குரல் வரிகள் அப்படியேதான் இருந்திருக்கும், ஏழு வாரம் ஆறு வாரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் பக் பட்டியலில் தன் தவறு இருக்கிறது என்று மேலாளர் வாயால் கேட்பதற்கு முன்னால், என் வாயால் கேட்டிருப்பார். ஒருவேளை அறிவிப்பின் வாசகத்தையாவது மாற்றச் சொல்லியிருப்பார். விதி விதி என்று நான் சொன்னது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால்தானோ என்று சில இரவுகளில் தோன்றும். காலையில் அப்படித் தோன்றாது.

கேம் வெளிவந்தது. ஏழாம் அத்தியாயத்தில் முகமூடி கழன்றபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்ததாக ஒரு பெண் எழுதினார். "ஏழு வாரத்தில் என்னதான் மாற்றினீர்கள், ஒன்றும் தெரியவில்லையே" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தெரியாமல் இருப்பதற்குத்தான் அந்த ஏழு வாரம் என்று அவருக்குப் பதில் எழுத ஆரம்பித்து, பாதியில் அழித்தேன். கேம் வந்த இரண்டாம் மாதம் மொழிபெயர்ப்பாளர் வேலையை விட்டுப் போனார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் வேறொரு கேம். கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி, நாயகனை யாரென்று தெரியாமல் பேசுகிற இடம். ஜப்பானிய மொழியில் அவள் பேச்சு தெரிந்தவளைப் போலவும் இருக்கும், தெரியாதவளைப் போலவும் இருக்கும். ஆங்கிலத்தில் தெரியாதவளாகவே ஆகியிருந்தாள். இந்தத் தடவை எழுந்து போய் மொழிபெயர்த்த பையனிடம் சொன்னேன். "தேதி தாங்காது சார், விட்டுடலாமா?" என்றான். பி என்று போட்டேன், அதாவது சரிசெய்யாமலும் கேம் வெளியே போகலாம். குறித்த நாளில் கேம் வந்தது. அந்தக் கிழவியைப் பற்றி இன்றுவரை யாரும் எழுதவில்லை.