தொலையாத சாவி

அக்கா வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். நான் சென்னையிலிருந்து அங்கே போய் இறங்கினால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே அக்கா கேட்பது, "இந்தத் தடவையும் டப்பா தேடுற வேலைதானா?" என்பதுதான். மறுக்க முடியாது. பையில் மூன்று பென்சில், ஒரு சின்ன டார்ச், ஒரு ஜோடி கையுறை. நாற்பத்தைந்து வயது ஆளின் பையில் இதெல்லாம் எதற்கு என்று அத்தான் ஒருமுறை கேட்டுவிட்டு, பதிலைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போய், உள்ளே இருக்கிற தாளில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பெரிய டப்பாவாக இருந்தால் சின்னச் சின்னப் பொருள்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வைக்கவேண்டும். அவ்வளவுதான். பரிசு கிடையாது. "அப்ப எதுக்குடா போற?" என்று அக்கா கேட்பதற்கு இன்னும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

இதற்கு வயது அதிகமில்லை. ஜி.பி.எஸ். சமிக்ஞையில் பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே 2 அன்று நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவி, ஒரே நாளில் பத்து இருபது மீட்டருக்குள் வந்துவிட்டது. மறுநாளே ஓரெகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணில் புதைத்துவைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். உள்ளே புத்தகம், பணம், பீன்ஸ் டின், ஒரு உண்டிவில். இன்றைய விதிப்படி நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் பள்ளம் தோண்டிப் புதைக்கக் கூடாது. முதல் டப்பாவே இப்போது தேறுவது கஷ்டம்.

ஓரெகான் காட்டில் வாளி வைத்தவருக்கு ஒரு வசதி இருந்தது. சுற்றிலும் ஆளில்லை. நம் ஊரில் அப்படி ஒரு இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. என் முழு வருத்தமும் இதில்தான் இருக்கிறது.

சரி, இந்தத் தடவை புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஒன்று. காந்தி சிலைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், அதற்குமேல் சொன்னால் விளையாட்டைக் கெடுத்ததாகிவிடும். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகன்தான் எண்களைப் போனில் போட்டான். போட்டுவிட்டு, "மாமா, இது நெய்வேலியில இருக்கு" என்றான்.

கடற்கரை டப்பா எப்படி நெய்வேலிக்குப் போகும்? பார்த்தால், இணையப் பக்கத்தில் கொடுத்திருந்தது 11 டிகிரி 56 நிமிடம் சொச்சம், 79 டிகிரி 50 நிமிடம் சொச்சம். அவன் அதை அப்படியே 11.56 என்றும் 79.50 என்றும் தட்டிவிட்டான். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். 56 நிமிடத்தை அறுபதால் வகுத்து 11.93 என்று போட்டிருக்கவேண்டும். வகுக்காமல் விட்டதில் தெற்கே நாற்பது கிலோமீட்டர், மேற்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, நிலக்கரிப் பூமியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. சிரிக்காதீர்கள், நானும் முதல் வருடம் இதே தப்பைச் செய்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன். இந்த விளையாட்டில் எண்கள் டிகிரியும் தசம நிமிடமுமாகத்தான் வரும். போன் வரைபடங்கள் பெரும்பாலும் தசம டிகிரியில் காட்டும். புதிதாக வருகிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். அரியாங்குப்பம் தாண்டும்போது, "மாமா, அரிக்கமேட்டுல நாமளே ஒண்ணு வைக்கலாமா?" என்றான். ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்த இடம், 1945இல் மார்டிமர் வீலர் தோண்டிப் பார்த்த இடம், இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். அங்கே போய் மாமனும் மருமகனும் கையுறை மாட்டிக்கொண்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால் எந்தக் காவலர் நம்புவார்? வேண்டாம்டா என்றேன்.

கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குமேல் வண்டிகளை விடமாட்டார்கள். வண்டி இல்லையென்றால் தேட வசதி என்று கணக்குப் போட்டு ஆறரைக்குப் போனேன். தப்புக் கணக்கு. வண்டி போனதும் அந்த இடத்தையெல்லாம் மனிதர்கள் நிரப்பிவிடுகிறார்கள். நடைப்பயிற்சிக்காரர்கள், ஐஸ்கிரீம் குழந்தைகள், காந்தியோடு படம் எடுக்கும் கல்யாண கோஷ்டி.

அம்புக்குறி ஒன்பது மீட்டர் என்றது. நாலடி வைத்தால் பதினான்கு என்றது. திரும்பி வந்தால் ஆறு. திறந்தவெளியில் போன் ஐந்து மீட்டர் சுற்றுக்குள் சரியாகவே காட்டும். ஆனால் டப்பா வைத்தவருடைய கருவியும் இதேபோல் ஆடியிருக்குமே, அந்தப் பிழையும் இதோடு சேரும். பக்கத்தில் வந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணையும் கையையும் நம்புவதுதான் வழி. குறிப்பில் 'காந்தம்' என்று ஒரு சொல் இருந்தது. ஆகவே இரும்பு. நான் ஒரு இரும்புச் சட்டத்துக்கு அடியில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டே நகர்ந்தேன்.

"என்ன சார், ஏதாவது தொலைஞ்சிடுச்சா?"

கேன்வாஸ் ஷூ, அரைக்கால் சட்டை, எழுபது வயதிருக்கும். இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் பத்து நிமிடம் ஆகும், அதன் பிறகும் நம்பமாட்டார்கள். எல்லாரும் சொல்லும் பொய்யை நானும் சொன்னேன். "சாவி சார். வண்டி சாவி."

அவ்வளவுதான். அவர் டார்ச்சை எடுத்தார். நண்பரைக் கூப்பிட்டார். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் போன் வெளிச்சத்தோடு வந்தார்கள். சுண்டல் விற்கும் அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்தார். "என்ன வண்டி சார்?" "வண்டி எங்க நிக்குது?" "டூப்ளிகேட் வீட்ல இருக்கா?" நாங்கள் வந்தது பஸ்ஸில். அக்கா மகன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. பூட்டு ரிப்பேர்காரர் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்று பெரியவர் போனைக் காதில் வைத்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

அப்போது சுண்டல் அம்மா நிமிர்ந்தார். "இதுவா பாரு தம்பி."

சாவி. விரல் நீளம்கூட இல்லை, துரு ஏறி, காதில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. எந்தப் பெட்டிக்கோ எந்தக் காலத்திலோ இருந்த சாவி. சுற்றி நின்ற ஆறு முகத்தையும் பார்த்தேன். "இதேதான்மா" என்றேன்.

எல்லாருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். "கீ செயின் பெருசா போடுங்க சார்" என்று பெரியவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் நாலு பொட்டலம் சுண்டல் வாங்கினேன். சாவி கிடைத்த பிறகு எதைத் தேடுவது? அதே இடத்தில் இன்னொரு தடவை குனிந்தால் அசிங்கம். கடைசி பஸ் கூட்டத்தில் நின்றுகொண்டே கடலூர் திரும்பினோம்.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ். அவன் எழுந்திருக்கவில்லை, நான் மட்டும். கிழக்கே கடல் வெளுத்துக்கொண்டிருந்தது, நாய்கள் மட்டும் இருந்தன. மூன்றாவது சட்டத்தில் படுத்துப் பார்த்தபோது தெரிந்தது. உப்புக்காற்றில் செதில் செதிலாகத் துருப்பிடித்த இரும்பில், நாலணாக் காசு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் வழவழவென்று இருந்தது. காந்தம் ஒட்டியிருந்த இடம். டப்பா போய்விட்டது. துரு உதிர்ந்து விழுந்ததோ, யாராவது எடுத்தார்களோ, கூட்டித் தள்ளிவிட்டார்களோ. டி.என்.எஃப். என்று பதிவு போட்டேன். 'கிடைக்கவில்லை' என்பதற்கு இந்த விளையாட்டில் மூன்றெழுத்து.

அங்கே உட்கார்ந்தபோது லெ ஜென்டில் ஞாபகம் வந்தார். சூரியனைச் சுக்கிரன் கடப்பதை அளக்க பிரான்சிலிருந்து 1760இல் புதுச்சேரிக்குக் கப்பலேறிய வானியல் அறிஞர். அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761இல் சுக்கிரன் கடந்தபோது ஆடும் கப்பலில் நின்றார். அடுத்தது எட்டு வருடம் கழித்துத்தான். காத்திருந்தார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் கட்டி, கருவிகளைத் துடைத்துவைத்தார். 1769 ஜூன் 4 காலையில், சரியாக அந்த நேரத்தில், மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்ததாம். 1771இல் ஊருக்குப் போனால் இவர் செத்துவிட்டார் என்று நினைத்து உறவுக்காரர்கள் சொத்தைப் பிரிக்கக் கிளம்பியிருந்தார்கள். இதே ஊரில், இதே கடற்கரையில் கிடைத்த டி.என்.எஃப். நான் இழந்தது பஸ் காசுதான்.

காணாமல்போன டப்பாவை மாற்றி வைக்கவேண்டியது அதை வைத்தவர் பொறுப்பு. அதனால்தான் சுற்றுலா வந்த இடத்தில் வைத்துவிட்டுப் போக விதி சாதாரணமாக இடம் கொடுப்பதில்லை; பக்கத்தில் கவனிக்க ஆள் வேண்டும். ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று இன்னொரு விதி. நம் பக்கம் அந்தப் பிரச்சினையே வருவதில்லை, அவ்வளவு குறைவாகத்தான் இருக்கின்றன. இலவசக் கணக்கு வைத்திருந்தால் அந்தக் கொஞ்சத்திலும் கடினமானவை ஆப்பில் திறக்காது, காசு கேட்கும். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் யாராவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைக் கொண்டுவந்தால் முதலிலேயே தடுத்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இங்கே குற்றம். சாதாரண போன் போதும். பேனாவும் வேண்டாம், ஈரத் தாளில் பேனா ஊறிவிடும், பென்சில்தான் எழுதும்.

நானும் ஒன்று வைத்தவன்தான். முதலில் தேவனாம்பட்டினம் போகும் வழியில் ஒரு சவுக்குத் தோப்பில், தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டே வைத்தேன். சவுக்கு நாலைந்து வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும் என்பதை யோசிக்கவில்லை. அடுத்த முறை போனபோது டப்பா இருந்தது, தோப்பு இல்லை. வெட்டவெளியில், கட்டைகளுக்கு நடுவே, அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தெரிந்தது. பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு தாழம்புதருக்கு மாற்றினேன். இறுக்கமான மூடி போட்ட நீல பிளாஸ்டிக் டப்பா. உள்ளே நோட்டு, இரண்டு கோலிக்குண்டு, ஒரு விசில். மேலே தமிழில் ஒரு தாள்: இது விளையாட்டுக்காக வைத்தது, தயவுசெய்து எடுக்கவேண்டாம். அக்கா மகன் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம். மழை தொடங்கியதிலிருந்து போகவில்லை என்பதை இந்தத் தடவைதான் ஒப்புக்கொண்டான்.

கிளம்புகிற அன்று சாயங்காலம் இருவரும் போனோம். செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கும் பக்கம்தான். 1690இல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டுக் குண்டு விழுகிற தூரம் வரைக்கும் நிலம் என்று பேச்சு. அதில் அடங்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. "ஜி.பி.எஸ்.ஸைவிட இது ஈஸியா இருக்கே மாமா" என்றான்.

தாழம்புதரில் டப்பா இல்லை. முள் குத்தியதுதான் மிச்சம். திரும்பும்போது, மணலில் படகு நிழலில் உட்கார்ந்து ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் நீல டப்பா. உள்ளே நைலான் நூல்கண்டு, வலை ஊசிகள், ஒரு பிளேடு. என் நோட்டு அடியில் மடங்கிக் கிடந்தது. பத்துப் பக்கத்துக்கு மீன் கணக்கு.

"அண்ணே, இந்த டப்பா..."

"உன்னோடதா? மேல எழுதியிருந்ததப் படிச்சேன் தம்பி. எடுக்காதன்னுதான் இருந்துச்சு. மழை முழுக்கப் பாத்தேன், யாரும் வரல. சரி, வீணா கெடக்குதேன்னு எடுத்தேன்." நூல்கண்டை வெளியே எடுக்கப் போனார்.

வேண்டாம் அண்ணே, இருக்கட்டும் என்றேன். விசில் எங்கே என்று அக்கா மகன் கேட்டான். பேரன் வைத்திருக்கிறானாம்.

"டப்பா நல்ல டப்பா" என்றார், மூடியை அழுத்திக் காட்டி. "தண்ணி ஒரு சொட்டு உள்ள போவல. எங்க வாங்குன?"