டியூப் மட்டமும் 18 ஊர்களும்

அண்ணன் மகள் புதுச்சேரியில் சூழலியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: 'உங்கள் துறையில் ஓர் ஆய்வு ஏற்படுத்திய தாக்கத்தை 200 சொற்களில் எழுதுக.' "அத்தை, நீங்க பரங்கிப்பேட்டையில படிச்சவங்கதானே, ஏதாவது சொல்லுங்க" என்று சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சக்குப்பம் வீட்டுக்கே வந்துவிட்டாள். எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், மேற்கோள்களை வைத்து ஆய்வாளருக்குப் போடும் மதிப்பெண்ணான ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று பாதிக் கட்டத்தை ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தாள். எனக்கு அது ரேஷன் கார்டு விவரம் மாதிரி இருந்தது.

"பிச்சாவரம் அலையாத்திக் காட்டை எழுது" என்றேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அடுத்த வருஷமே, பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கரையோரம் 18 குக்கிராமங்கள். ஒவ்வொன்றும் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், முன்னால் என்ன மரம் செடி இருக்கிறது, எத்தனை உயிர் போயிற்று, எவ்வளவு பொருள் போயிற்று என்று கணக்கெடுத்தார்கள். அடர்ந்த அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்பது அவர்கள் முடிவு. அதே 2005இல் 'சயின்ஸ்' இதழிலும் நம் கடலூர் மாவட்டக் கரையை வைத்து டேனியல்சன் குழு எழுதியது. அதில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் செல்வமும் உண்டு. உலகம் முழுக்கக் கண்டல் (அலையாத்திக்கு இன்னொரு பெயர்) நடுகிறவர்கள் கையில் இந்த இரண்டு கட்டுரையும் இருந்தன.

இதுவரை அவளுக்கும் தெரியும். அவளுக்குப் பிடிக்காதது அடுத்த பகுதி.

2006இல் கெர், பெயர்ட், கேம்ப்பெல் என்ற மூவர், பரங்கிப்பேட்டைக்காரர்கள் கொடுத்த அதே தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். சாவு எண்ணிக்கையில் ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியைத் தூரமும் உயரமுமே விளக்கிவிடுகின்றன, மரங்களின் பங்கு என்று தனியாகச் சொல்ல அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள். யோசித்தால் புரியும். அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருக்கிற ஊர் எப்படியும் கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கும்? அதைக் காப்பாற்றியது காடா, தூரமா? அப்புறம் வெர்மாட்டும் தம்பன்யாவும் அதே தரவை இன்னொரு விதமாகப் பிரித்துப் பார்த்து, இல்லை, கண்டலுக்கும் பங்கு உண்டு என்று பதில் எழுதினார்கள்.

"அப்போ தப்புன்னு சொல்லிட்டாங்களே, அதைப் போய்த் தாக்கம்னு எழுதவா?"

அவளுக்கு வாயால் பதில் சொல்லத் தோன்றவில்லை. பக்கத்துத் தெருவில் வேலை பார்க்கும் கொத்தனாரிடம் டியூப் மட்டத்தை இரவல் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் அவளையும் இழுத்துக்கொண்டு பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பக்கம் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

டியூப் மட்டம் தெரியாதவர்களுக்கு: பத்துப் பதினைந்து மீட்டர் ஒளி ஊடுருவும் குழாய், உள்ளே தண்ணீர், நடுவில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைக்கு அளந்தால் எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று தெரிந்துவிடும். குமிழியை வெளியேற்றுவதற்கே எங்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. தெருக்கோடி வீட்டு வாசலிலிருந்து பெரியம்மா வாசல் வரைக்கும் நான்கு தடவை மாற்றி மாற்றிப் பிடித்துக் கூட்டினோம். வித்தியாசம் மூன்றேகால் அடி.

சுனாமியன்று தெருக்கோடி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அரிசிப் பானை முதற்கொண்டு போயிற்று. பெரியம்மா வீட்டில் மூன்றாவது படியோடு நின்றுவிட்டது. இரண்டு வீட்டுக்கும் முன்னால் ஒரே காடு. கடலிலிருந்து தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றேகால் அடியைச் சுண்ணாம்புக் கட்டியால் படியில் எழுதிவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

பெரியம்மாவிடம் கேட்டதற்கு, "மேடாவது பள்ளமாவது, காடுதான்டி தண்ணிய உடைச்சுது" என்றார். பெரியம்மா சொல்வதும் பொய்யில்லை. காட்டுக்கு முன்னால் மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊரைச் சுனாமி அழித்தது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

நான் அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான். அந்த 18 ஊர்க் கணக்கை மறைக்காமல் கொடுத்ததால்தான் யாரோ எங்கிருந்தோ அதை எடுத்துச் சண்டை போட முடிந்தது. என்னைக் கேட்டால் அந்தக் கட்டுரையின் பெரிய தாக்கம் அதுதான். அதுவுமில்லாமல் கதிரேசன் கட்டுரையின் சுருக்கத்திலேயே, குடியிருப்புகள் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேடான இடத்தில், அடர்ந்த கண்டலுக்குப் பின்னால் அமைய வேண்டும் என்றுதான் இருக்கிறது. தூரம், மேடு, காடு, மூன்றும். சண்டையில் அந்த வரியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மட்டம் என்றதும் செல்வம் குழுவின் வாய்க்கால் வேலையும் ஞாபகம் வந்தது. பிச்சாவரத்தில் கூப்பு போட்டு, அதாவது பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் மண் காய்ந்து அமுங்கித் தட்டுப் போலக் குழிந்துவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்ற இறக்கத்தில், ஏறிய தண்ணீர் இறங்க வழியில்லை. வெயிலில் வற்றி உப்பு ஏறி, கண்டல்கூட முளைக்கவில்லை. மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணீர் வந்து போக வழி செய்த பிறகுதான் கன்றுகள் பிழைத்தன. அங்கும் கொஞ்சம் உயர வித்தியாசம்தான் விஷயம். மரம் நடுவதைப் போட்டோ எடுப்பவர்கள் வாய்க்காலை எடுப்பதில்லை.

கார்பன் பற்றியும் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். காற்றுப் புகாத சேற்றில் இலையும் வேரும் சீக்கிரம் மக்காது, கார்பன் அங்கேயே தங்கும் என்று. அது அவளுக்கே நன்றாகத் தெரியும்.

நாங்கள் குழாயைச் சுருட்டும்போது தெருக்கோடி வீட்டு அண்ணன் வந்து, "என்னம்மா, இடத்தை அளக்குறீங்க, விக்கப் போறீங்களா?" என்று கேட்டார். இல்லை, உங்கள் வீடு மூன்றேகால் அடி பள்ளத்தில் இருக்கிறது என்றாள் இவள். "அதை அன்னிக்கே தண்ணி சொல்லிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் அதையும் விண்ணப்பத்தில் சேர்க்கலாமா என்று கேட்டாள். 200 சொல் ஏற்கெனவே தாண்டியிருந்தது.