கரும்பழுப்பு எரேபியாக்களை இனம் பிரித்துப் பழகுதல்

சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்டுக்கு மேலே, 1,962 மீட்டர் உயரத்திலுள்ள குரோஸே ஷைடெக் கணவாயைச் சுற்றிய புல்வெளிகளில், எரேபியா பேரினத்து வண்ணத்துப்பூச்சிகளை இனம் பிரித்துப் பார்த்து வருகிறேன். இந்நாட்டில் மட்டும் இப்பேரினத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கரும்பழுப்பு இறகு, அதில் செம்மஞ்சள் பட்டை, பட்டைக்குள் கரும்புள்ளிகள் என்ற அமைப்பு பெரும்பாலானவற்றுக்குப் பொதுவாக இருப்பதால், மேற்புறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வதை இந்தக் கோடையில் அறவே நிறுத்திவிட்டேன்.

பின்னிறகின் அடிப்புறத்திலிருந்து தொடங்குவதே நல்ல பலன் தருகிறது. வெயிலில் இவை இறகை விரித்துச் சூடேற்றிக்கொள்கின்றன. மேகம் மறைத்தவுடன் கூப்பிக்கொள்கின்றன. ஆகவே மலையேற வந்த மற்றவர்கள் வானத்தைப் பார்த்து அலுத்துக்கொள்ளும் நேரந்தான் எனக்குப் படமெடுக்கத் தோதான நேரம்.

அதிகப் பொறுமையைக் கேட்பது லைகியா, யூரியேல் என்ற ஒன்றுபோல் தோன்றும் இரு இனங்களின் இணைதான். இரண்டுக்கும் இறகோர மயிர்வரிசை வெள்ளையும் பழுப்புமாக மாறி மாறி அமைந்திருக்கிறது. லைகியாவின் பின்னிறகு அடிப்புறத்தில், முன்விளிம்பிலிருந்து ஒழுங்கற்ற வெண்கீற்று ஒன்று தெளிவாக இறங்குகிறது. ஆனால் யூரியேல் பெண்களிலும் வெளிர்நிறப் பட்டை காணப்படுவதால், கீற்றை மட்டும் நம்பி முடிவெடுக்க இயலாது. ஆணாக இருந்தால் வேலை எளிது: லைகியா ஆணின் முன்னிறகு மேற்புறத்தில் மணச்செதில்களாலான கருந்திட்டு உண்டு, யூரியேல் ஆணில் அது கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே இவ்விணைக்கு இருபுறப் படங்களையும் எடுக்கிறேன்.

ஃபார்ட்டே தொல்லை தருவதில்லை. அதன் செம்மஞ்சள் திட்டுகளுக்குள் கரும்புள்ளியே இல்லை.

டிண்டாரஸ், காசியாய்டிஸ், நிவாலிஸ் அடங்கிய தொகுதியோ வேறு வகை. பின்னிறகின் அடிப்புறம் வெள்ளிச் சாம்பல் நிறமாதலால், பாறையில் அமர்ந்தால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. முன்னிறகு நுனியின் இரட்டைக் கண்புள்ளிகள் டிண்டாரஸில் மிகச் சிறியவை, காசியாய்டிஸில் பெரியவை. நிவாலிஸில் முன்னிறகின் செம்மை உட்பக்கமாக நீள்கிறது, பின்னிறகுச் சாம்பலில் நீலப் பளபளப்பு ஏறுகிறது. அது மற்ற இரண்டைவிட உயரமான இடங்களையே நாடுகிறது என்பதால் ஒவ்வொரு படத்துடனும் உயரத்தையும் குறிக்கிறேன். தேய்ந்த இறகுகளில் இவ்வடையாளங்கள் மங்கிவிடுகின்றன. அத்தகைய பூச்சிகளை இனப்பெயர் இல்லாமல், 'டிண்டாரஸ் தொகுதி' என்று மட்டுமே குறிப்பேட்டில் பதிகிறேன்.