கேசட்டில் தப்பிப் பிழைத்த விளம்பரங்கள்

பெரியப்பா வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய விஎச்எஸ் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை ஓரளவு நகர்ந்திருக்கிறது. அதில் பதிவான படமும் பாட்டும் எனக்கு வேண்டாம், அவை இதைவிடத் தெளிவாக எங்கும் கிடைக்கின்றன. நடுவில் வரும் விளம்பரங்கள்தான் குறி.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் அப்பா பொறுப்பானவர், விளம்பரம் வந்ததும் பாஸ் பட்டனை அமுக்கிவிடுவார். அவர் கேசட்டுகளில் ஒன்றும் தேறவில்லை. பெரியப்பா ரெக்கார்டைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிற ஆள். அவர் புண்ணியத்தில் நிர்மா, ரஸ்னா, ஓனிடா பிசாசு, 1989-இல் வந்த ‘ஹமாரா பஜாஜ்’ எல்லாம் முழுசாக இருக்கின்றன. இப்போது யாராவது பழைய கேசட் இருக்கிறது என்றால், ரெக்கார்ட் போட்டது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்து, சுருளில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன். அப்படியே போட்டால் அடுத்த கேசட்டுக்கும் அது ஒட்டும். விசிஆரில் சுருளைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வழவழப்பான காகிதம் போதும். பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், இழை மாட்டினால் ஹெட் போச்சு.

அட்டையில் தேதி எழுதும் பழக்கம் பெரியப்பாவுக்குக் கிடையாது. ஆனால் விளம்பரமே காட்டிக்கொடுக்கிறது. ஒரு கேசட்டில் நிகழ்ச்சிக்கு முன் சன் டிவி லோகோ வருகிறது. அப்படியானால் 1993 ஏப்ரலுக்குப் பிறகு. அதிலேயே ஒரு தி.நகர் ஜவுளிக்கடை விளம்பரத்தின் கடைசியில், ஆங்கில எழுத்தில் ‘மெட்ராஸ் - 17’ என்று முகவரி. அநேகமாக 1996-இல் பெயர் மாறுவதற்கு முன். பாதி ஆள் தெரிந்து பாதி கோடாய் ஓடும் அந்தப் பத்து விநாடியைத்தான் அதிகம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லிரில் அருவிப் பெண் மட்டும் இன்னும் சிக்கவில்லை. கொடைக்கானல் பக்கம் எடுத்தது, எழுபதுகளின் விளம்பரம். வீட்டுக்கு விசிஆர் வருவதற்கு வெகு முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது.

நம்மூர் டிவியின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் இரண்டு பாதி. அதை 50 ஆகப் பிரித்துச் சேமித்தால், நிர்மா பாப்பா சுற்றும்போது கவுன் ஓரம் சீப்புப் பல்லாய்ச் சிதறுவதில்லை. ஃபைல் பெரிதாகிறது, ஹார்டு டிஸ்க் இன்னொன்று வாங்க வேண்டும்.