12 யூரோவுக்குள் போர்தோ: இதுவரை குடித்துப் பார்த்ததில் தேறியவை

பாட்டிலுக்கு 12 யூரோ, மனசு ரொம்பக் கேட்டால் 15. இந்தக் கோட்டைத் தாண்டாமல் பிரான்ஸின் போர்தோ வட்டாரத்து நல்ல சிவப்பு ஒயின் கிடைக்குமா என்று கொஞ்ச காலமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாரிஸ் பக்கம் இருப்பதால் செப்டம்பரில் சூப்பர் மார்க்கெட்டுகளில் நடக்கும் 'ஃபுவார் ஒ வேன்' ஒயின் விற்பனைதான் முக்கியமான வேட்டைக்களம். மற்ற மாதங்களில் தெருமுனை ஒயின் கடை.

போர்தோ என்றாலே எட்டாத விலை என்பவர்கள் 1855-இல் போட்ட தரவரிசைப் பட்டியலில் உள்ள சாத்தோக்களை (ஒயின் தோட்டங்களை) நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். சிவப்பு ஒயினில் அவை மொத்தம் 61. அதற்கு வெளியே ஆயிரக்கணக்கான தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு இப்போது விற்பதே பெரும்பாடு. அங்கே மொத்த வியாபாரத்தில் 'தொன்னோ' என்று ஓர் அளவு உண்டு, 900 லிட்டர், அதாவது 1,200 பாட்டில். சாதாரண போர்தோ சிவப்பு சமீப ஆண்டுகளில் ஒரு தொன்னோ 1,000 யூரோவுக்கும் கீழே போயிருக்கிறது, பாட்டிலுக்குக் கணக்குப் போட்டால் ஒரு யூரோகூட வராது. 2022 டிசம்பரில் தோட்டக்காரர்கள் போர்தோ நகரத் தெருக்களில் இறங்கினார்கள். அடுத்த வருஷம் கொடிகளைப் பிடுங்கிப் போட ஹெக்டேருக்கு 6,000 யூரோ தரும் திட்டம் வந்தது. அவர்களுடைய கஷ்டம் நமக்கு லாபம் என்று எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் 10 யூரோவுக்கு இவ்வளவு உழைப்பு உள்ளே போன பாட்டில் கிடைப்பதற்குக் காரணம் அதுதான்.

4, 5 யூரோ பாட்டில்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழுக்காத கபெர்னே திராட்சையில் வரும் பச்சைக் குடமிளகாய் வாசம், மெலிந்த உடம்பு, அவ்வளவுதான். சமையலுக்கு ஆகும்.

லேபிளில் எதை நம்புவது என்பதில்தான் நிறைய நேரம் போனது. 'கிராண்ட் வேன் த போர்தோ' என்று தங்க எழுத்தில் இருந்தால் அதற்குத் தர அர்த்தம் எதுவும் கிடையாது. 'பழைய கொடிகள்' என்பதும் அப்படித்தான், எத்தனை வயதானால் பழையது என்று சட்டம் சொல்லவில்லை. தங்கப் பதக்க ஸ்டிக்கரும் எனக்குப் பெரிதாக உதவவில்லை, போட்டிக்கு வந்த ஒயின்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதக்கம் கொடுக்கலாம் என்று விதியே இடம் கொடுக்கும்போது அதை வைத்து என்ன முடிவு செய்வது? எல்லாவற்றிலும் அதிகம் குழப்புவது 'சேன்-எமிலியோன் கிராண்ட் க்ரு'. அது பெரிய தரவரிசைப் பட்டம் போலத் தெரியும். ஆனால் அந்த ஊரில் விளைச்சல் வரம்பும் பதப்படுத்தும் காலமும் கொஞ்சம் கறாராக உள்ள ஒரு பிரிவு, அவ்வளவே. உண்மையான தரவரிசையில் இருப்பவை கடைசியில் 'க்ளாஸே' என்ற சொல்லையும் சேர்த்துப் போடும். 15 யூரோவுக்கு விற்கும் கிராண்ட் க்ருவில் பாதி விலை ஊர்ப் பெயருக்குப் போகிறது என்பது என் அபிப்பிராயம்.

அங்கேதான் எனக்கு வழி கிடைத்தது. சேன்-எமிலியோனின் சுண்ணாம்புப் பாறை மேட்டு நிலம் ஊர் எல்லையோடு நின்றுவிடுவதில்லை, கிழக்கே காஸ்தியோன் வரை நீள்கிறது. (நூறாண்டுப் போரின் கடைசிச் சண்டை 1453-இல் நடந்த அதே காஸ்தியோன்.) அதே மாதிரி மண், அதே மெர்லோ திராட்சை, கூடக் கொஞ்சம் கபெர்னே ஃப்ராங்க், ஆனால் விலை பல சமயம் பாதிக்குப் பாதி. 2009-இலிருந்து காஸ்தியோன், ப்ளாய், காடியாக், ஃப்ரான் வட்டார ஒயின்கள் எல்லாம் 'கோத் த போர்தோ' என்ற பொதுப் பெயரோடு வருகின்றன, அதனால் கடை அலமாரியில் அந்தச் சொல்லைத் தேடினால் போதும். ஃப்ரானில் எனக்கு ரொம்பப் பிடித்தது சாத்தோ புய்கெரோ. தியான்பான் குடும்பத்துத் தோட்டம். பொமரோல் வட்டாரத்தில் பாட்டில் ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் போகும் 'லூ பேன்' தோட்டம் இருக்கிறதே, அதுவும் இதே குடும்பத்தின் இன்னொரு கிளையிடம் இருக்கிறது. அந்தச் சம்பந்தம் புய்கெரோவின் விலையில் இன்னும் ஏறவில்லை. கறுப்பு ப்ளம் பழம், கொஞ்சம் ஈரமண் வாசம், முடிவில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. இன்னும் கறுப்பாக, கரடுமுரடாக வேண்டுமென்றால் ப்ளாய் பக்கத்தில் கோத் த பூர்க், அங்கே மால்பெக் திராட்சையை மற்ற இடங்களைவிடக் கூடுதலாகச் சேர்ப்பார்கள்.

ஃப்ரோன்சாக் தனிக் கதை. லிபூர்ன் ஊருக்கு மேற்கே உள்ள குன்றுகள், களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த நிலம். வாங்கிய உடனே திறந்தால் அடுப்பில் மறந்துபோன தேநீர் மாதிரி துவர்க்கும், அதனால் பலரும் ஒரு பாட்டிலோடு விட்டுவிடுகிறார்கள். ஆறேழு வருஷம் ஆன பாட்டிலைத் தேடிப் பிடித்தால் ஆளே மாறியிருக்கும். கடைக்காரர்களுக்கு இது வேகமாக விற்காத சரக்கு என்பதால் பழைய ஆண்டுகள் அலமாரியின் அடித்தட்டில் கிடக்க வாய்ப்பு உண்டு, குனிந்து பாருங்கள்.

ஜிரோந்த் ஆற்றுமுகத்தின் இடது கரையில், அதாவது மெடோக் பக்கம், என் வரம்புக்குள் நம்பிக்கையாக எடுக்க முடிந்தது 'க்ரு பூர்ஷ்வா' என்ற தரப் பட்டியலில் உள்ளவை. 2018 விளைச்சலிலிருந்து அதை மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நடுப்படியான 'சுப்பீரியர்' சில சமயம் 15-க்குள் கிடைத்துவிடுகிறது. பட்டியலில் சேராத நல்ல தோட்டங்களும் உண்டு என்பதால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. லிஸ்த்ராக், மூலி ஊர் ஒயின்கள் இரண்டும் கடையில் கண்ணில் பட்டால் நிற்பேன், பக்கத்திலுள்ள மார்கோ ஊரின் புகழ் இவற்றுக்கு இல்லை.

தோட்டத்தைவிட விளைச்சல் ஆண்டு முக்கியம் என்பது இந்த விலையில் எனக்கு மறுபடி மறுபடி உறுதியானது. பணக்கார சாத்தோ மோசமான வருஷத்திலும் பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தேறாததை விலை குறைந்த இரண்டாவது லேபிளுக்குத் தள்ளிவிடும். சின்னத் தோட்டக்காரரால் அது முடியாது, வந்ததைத்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும். அதனால் 2013 இந்த விலையில் வேண்டவே வேண்டாம், பனியும் பூஞ்சையும் வாட்டிய 2021-ஐக் கொஞ்சம் யோசித்து வாங்குவேன். 2016, 2019, 2020 என்றால் பெயர் தெரியாத தோட்டத்தையும் துணிந்து எடுக்கலாம். 2022 வெயிலில் காய்ந்த வருஷம், பழம் தாராளம், சிலவற்றில் ஆல்கஹால் 14.5 சதவீதத்தைத் தொட்டுவிடுவதால் இரண்டாவது கிளாஸில் அலுப்புத் தட்டுகிறது.

சோதிக்கிற முறை பெரிதாக ஒன்றுமில்லை. முதல் நாள் மாலை பாதி, மீதியைத் தக்கையால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் வெளியே எடுத்து, குளிர் கொஞ்சம் இறங்கியதும் மீண்டும். மலிவான ஒயின் எது, விலை மட்டும் மலிவான ஒயின் எது என்று இரண்டாம் நாள் நன்றாகவே தெரிந்துவிடும்: முன்னது தட்டையாகிவிடும், பின்னதில் பல சமயம் வாசமும் சுவையும் மேலும் திறந்துகொள்ளும். கோடையில் அறை வெப்பத்தில் வைத்துக் குடிக்காதீர்கள், 17 டிகிரி பக்கம் இருந்தால் போதும், அதற்காக முன்கூட்டியே அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் குற்றமில்லை.

அப்புறம் சாப்பாடு. நம் வீட்டுக் காரத்தோடு மெடோக் சரிப்படவில்லை, மிளகாயும் துவர்ப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடுகின்றன. மிளகு தூக்கலாகப் போட்டு மிளகாயைக் குறைத்த ஆட்டுக்கறி வறுவலோடு காஸ்தியோன் அழகாகப் போனது. மீன் குழம்புக்கு இந்த ஒயின்கள் எதுவுமே வேண்டாம்.

இப்போது கட்டிடத்தின் கீழ்த்தளக் கிடங்கில் 2019 ஃப்ரோன்சாக் கொஞ்சம் படுத்திருக்கிறது. அடுத்து ப்ளாயை ஒழுங்காகப் பார்க்க வேண்டும், அங்கிருந்து இதுவரை குடித்தவை எல்லாம் சுகமாக இருந்தன, ஆனால் எதுவும் நினைவில் நிற்கவில்லை. 10 யூரோவுக்குள் ஒரு நல்ல 2020 ப்ளாய் உங்களுக்குத் தெரிந்தால் தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், செப்டம்பருக்குள் தெரிந்தால் வசதி.