பின்சில்லு பிறேக்கும் என் பழைய ஹைலக்ஸும்

சென்ற மாரியில், மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் உரமூட்டை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பி வந்தேன். மண்முனைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிறேக்கை மிதித்தேன். கெப் (பாரம் ஏற்றும் பிக்கப்) நின்றதுதான், ஆனால் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுபட்டு நின்றது. அடுத்த நாள் வீட்டுக்கு முன்னால் கிரவல் ரோட்டில் மிதித்துப் பார்த்தால், இடது பின்சில்லு மட்டும் மண்ணில் கோடு கீறியிருந்தது.

என்னிடம் இருப்பது டொயோட்டா ஹைலக்ஸ், இரண்டு சில்லு இழுவை, டீசல். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல் மீண்டும் விடும் வரை இந்த மாதிரிப் பழைய கெப்புக்கு இருந்த மவுசு எல்லாருக்கும் தெரியும். விற்கவும் மனமில்லை, புதிதாக வாங்கவும் வழியில்லை. ஆகவே பார்ட்ஸ் தேடுவதுதான் தொழில்.

கராஜில் பாஸ் (மெக்கானிக்) சில்லோடு சுற்றும் பிறேக் ட்ரம்மைக் கழற்றினார். ட்ரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் சூ இரண்டு பக்கமும் தேய்ந்துபோயிருந்தது. "சூ மாத்தினாச் சரி" என்றார். நானும் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். "ஹைலக்ஸ் பின் சூ" என்று கேட்டேன். "என்ன வருசம்?" என்றார்கள். 1995 என்றேன். அங்கேதான் முதல் பிழை. 1995 என்பது பதிவு செய்த வருடம். பதிவுச் சான்றிதழில் தயாரிப்பு வருடம் வேறு இடத்தில் 1991 என்று இருக்கிறது. அதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. கொண்டுவந்த சூ பழையதை விட 5 மில்லிமீற்றர் அகலம் கூட. ட்ரம்மைப் போட்டால் உள்ளே போகவில்லை. பெட்டியை உடைத்ததால் கடையில் திருப்பி எடுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் பொறுமையாக உட்கார்ந்தேன். பொனெட்டுக்குக் கீழே ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் மொடல், என்ஜின், ஃபிரேம் நம்பர், நிறம், கியர்பொக்ஸ், அக்ஸில் எல்லாம் குறியீடாக இருக்கும். என்னுடையது எல்.என்.85 என்று தொடங்குகிறது. முதல் எழுத்து என்ஜின் குடும்பம், இரண்டாவது ஹைலக்ஸைக் குறிப்பது. அதற்குப் பின்னால் வரும் கோடும் எழுத்துகளும்தான் முக்கியம், எல்.என்.85 என்று மட்டும் சொன்னால் பாதி விலாசம் சொன்ன மாதிரி. தகடு கிறீஸும் தூசியுமாகக் கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஃபிரேம் நம்பரைச் சரிபார்க்க, வலது முன்சில்லுக்குப் பக்கத்தில் சேஸியில் அடித்திருப்பதையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றே. அப்படியென்றால் சேஸி மாறவில்லை. பழைய வண்டியில் இதைக்கூட நம்பிவிட முடியாது.

மண்ணெண்ணெய்ப் போத்தலோடு பின்சில்லுப் பக்கம் போனதும் பாஸ் சத்தம் போட்டார்: "அத அங்கால வை மனே, இறப்பர் ஊதிப்போகும்." உண்மைதான். சூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் இறப்பர் பிறேக் ஒயிலுக்கு மட்டுமே பழகியது. பெற்றோல், மண்ணெண்ணெய், என்ஜின் ஒயில் எது பட்டாலும் வீங்கிவிடும். ட்ரம்முக்குள் இருக்கும் தூசியையும் ஊதக் கூடாது. சூவில் ஒட்டியிருக்கும் பழைய லைனரில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருந்திருக்கலாம், மூச்சில் போனால் கெடுதி. ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.

அடுத்தது அளவு. ட்ரம்மின் வார்ப்பிலேயே உச்ச அளவு 256 மில்லிமீற்றர் என்று இருந்தது. அதாவது புதிதில் உள்விட்டம் 254, கடையில் சொல்லும் 10 இஞ்சி. லேத் கடையில் அளந்தபோது வலது 254.6, இடது 255.2. இரண்டையும் 255.4க்குக் கடைந்து ஒரே அளவாக்கித் தந்தார்கள். 256 தாண்டியிருந்தால் ட்ரம்மையும் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் சூ தேய்ந்தது இரண்டு பக்கமும்தானே, ஏன் இடது மட்டும் இறுகுகிறது? இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சிலிண்டரின் பின்முதுகில், சூவைத் தாங்கும் தட்டுக்கு வெளியே தெரியும் பக்கத்தில், விட்ட அளவு அடித்திருக்கும் என்று பாஸ் சொன்னார். சேற்றைச் சுரண்டிப் பார்த்தோம். வலதில் 13/16 இஞ்சி. இடதில் 7/8. பாஸ் சிரித்தே விட்டார். எனக்கு முன் வைத்திருந்தவர் யாரோ கிடைத்ததைப் போட்டிருக்கிறார். மில்லிமீற்றரில் சொன்னால் 20.6, 22.2. ஒன்றரை மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். தள்ளும் பலம் பரப்பளவைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் இடது பக்கம் சுமார் 16 சதவீதம் கூடுதலாகத் தள்ளியிருக்கிறது. வெறும் வண்டி, நனைந்த ரோடு, பின்பக்கம் பாரமில்லை. இழுக்காமல் என்ன செய்யும்?

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்கு வட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் அனுப்பினேன்: தகடு, பழைய சூவை அடிமட்டத்தோடு வைத்து எடுத்த படம், இரண்டு சிலிண்டரின் முதுகு. கடைக்காரர் ஃபிரேம் நம்பரை வைத்துப் பார்த்து, "அண்ணன், வலப் பக்கத்துல இருக்கிறதுதான் உங்கட சரியான சைஸ்" என்றார். டொயோட்டா நம்பரில் முதல் ஐந்து இலக்கம் பொருளின் வகை: 04495 என்றால் பின் சூ, 04465 என்றால் முன் பேட். பிந்திய ஐந்துதான் வண்டிக்கு வண்டி மாறும். முழு நம்பரையும் எழுதி அனுப்பச் சொன்னேன். வாயால் சொல்வதை இனி நம்பவில்லை.

இரவு பஸ்ஸில் பார்சல் வந்தது. பழையதன் மேல் புதியதை வைத்து அகலம், வளைவு, ஸ்பிரிங் மாட்டும் துளை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பெட்டியை முழுதாகப் பிரித்தேன். இரண்டு பக்கமும் புதுச் சிலிண்டர். டொட் 3 தரத்துப் பிறேக் ஒயில் ஊற்றி, தூரத்தில் இருக்கும் இடது பின்சில்லில் தொடங்கி, குழாய்க்குள் இருந்த எயாரை வெளியே எடுத்தோம்.

பின் அக்ஸிலோடு கம்பியால் பிணைந்த ஒரு வால்வு இருக்கிறது. பாரம் ஏறினால் பின்பிறேக்குக்குக் கூட அழுத்தம் விடுவது. என் வண்டிக்கு முன்னவர் ஸ்பிரிங் பிளேட் (பாரம் தாங்கும் வில் பட்டை) கூட்டியிருப்பதால் பின்பக்கம் எப்போதும் உயர்ந்தே நிற்கிறது. மூட்டை ஏற்றினாலும் வால்வுக்கு வெறும் வண்டி போலத்தான் தெரியும். அதைச் சரிசெய்வது அடுத்த வேலை. அறுவடைக்கு முன் முடிக்க வேண்டும்.

கிரவல் ரோட்டில் இப்போது இரண்டு சில்லும் சேர்ந்து கோடு கீறுகின்றன. அகலமான அந்தச் சூ பெட்டி இன்னும் சீற்றுக்குப் பின்னால் கிடக்கிறது. யாருக்காவது பொருந்தும் என்றால் சொல்லுங்கள், அளந்து பார்த்துவிட்டு.