ஷெட்யூல் 3 பேலன்ஸ் ஷீட்டை ரிப்போர்ட் டிசைனரில் கட்டிய அனுபவம்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். டேலி மென்பொருளில் இருந்தவரை, மாதக் கடைசியில் ட்ரையல் பேலன்ஸை (எல்லா லெட்ஜர்களின் பாக்கிப் பட்டியலை) எக்ஸலில் இறக்கி, நிதி அறிக்கைகளுக்குக் கம்பெனிகள் சட்டம் 2013 சொல்லும் ஷெட்யூல் 3 வடிவத்துக்குக் கையாலேயே கொண்டுவருவோம். மைக்ரோசாஃப்ட்டின் நிறுவன மென்பொருளான டைனமிக்ஸ் 365-க்கு மாறியதும், அதோடு வரும் ரிப்போர்ட் டிசைனர் என்ற அறிக்கை வடிவமைக்கும் கருவியில் லாப நட்டக் கணக்கையும் பேலன்ஸ் ஷீட்டையும் கட்டும் வேலை என்னிடம் வந்தது. இதில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த ரிப்போர்ட் டிசைனரின் வேர் எஃப்ஆர்எக்ஸ் என்ற பழைய நிதி அறிக்கை மென்பொருள். 2001-ல் அதைக் கையில் வைத்திருந்த கிரேட் பிளெயின்ஸ் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இதுவும் கூடவே போனது. பிறகு அதன் இடத்தில் மேனேஜ்மென்ட் ரிப்போர்ட்டர் வந்தது, இப்போது டைனமிக்ஸ் 365-க்குள் இருக்கிறது. பெயர்கள் மாறினாலும் அடிப்படை அப்படியே இருக்கிறது: வரிகளை ஒரு இடத்தில் எழுத வேண்டும், காலங்களை இன்னொரு இடத்தில், இரண்டையும் மூன்றாவது ஒன்று சேர்க்கும். அதனால் பழைய எஃப்ஆர்எக்ஸ் கையேடு கிடைத்தாலும் விடாதீர்கள். எனக்கு நிறையத் தெளிவு அதிலிருந்துதான் வந்தது.

கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஷெட்யூல் 3-ஐ பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே எந்தெந்த லெட்ஜர் எண்கள் வரும் என்று பென்சிலால் எழுதிக்கொண்டேன். ரோ டெபினிஷன், அதாவது ரிப்போர்ட்டின் வரிகளை எழுதும் இடம், கிட்டத்தட்ட அந்தத் தாள்தான். லெட்ஜர் எண்கள் ஒழுங்காக வரிசைப்பட்டிருந்தால் 'இதிலிருந்து இதுவரை' என்று ஒரே வீச்சில் கொடுத்துவிடலாம்.

புதிதாக வருபவரை அதிகம் சுற்றவிடுவது மைனஸ் குறிதான். கிரெடிட் எல்லாம் உள்ளே மைனஸாக இருக்கும். விற்பனை 50 லட்சம் என்றால் ரிப்போர்ட்டில் மைனஸ் 50 என்று வரும். அந்த வரியின் 'நார்மல் பேலன்ஸ்' கட்டத்தில் 'சி' (கிரெடிட்) என்று போட்டால் ப்ளஸ்ஸாகத் தெரியும். ஆனால் மாறுவது தோற்றம் மட்டுமே, கூட்டல் உள்ளே இருக்கும் குறியை வைத்துத்தான் நடக்கும். செலவு 42 லட்சம் என்றால் மொத்தம் மைனஸ் 8 வரும். அது லாபம், ஆகவே அந்த மொத்த வரிக்கும் 'சி' போட வேண்டும். கையிருப்புச் சரக்கு மாற்றம் என்ற வரிக்கு மட்டும் இது வேண்டாம். சரக்கு ஏறினால் அது செலவைக் குறைக்கும், செலவுகளுக்கு நடுவே மைனஸாக நிற்பதுதான் சரி.

அடுத்து, பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் டேலி ஆகாது. பயப்பட வேண்டாம். வருஷ நடுவில் இந்த ஆண்டு லாபம் இன்னும் ரிசர்வ்ஸ் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. வருமானம், செலவு லெட்ஜர்கள் மொத்தத்தையும் 'சர்ப்ளஸ்' வரிக்குள் சேர்த்துவிட்டால் வித்தியாசம் அங்கேயே தீர்ந்துவிடும். அப்போதும் டேலி ஆகாவிட்டால், ஏதோ ஒரு லெட்ஜர் எந்த வரியிலும் இல்லை, அல்லது இரண்டு வரிகளில் இருக்கிறது. விடுபட்ட லெட்ஜர்களைக் காட்ட 'மிஸ்ஸிங் அக்கவுண்ட் அனாலிசிஸ்' என்று ஒரு வசதி உள்ளேயே இருக்கிறது. அதை ஓட்டாமல் எண்ணை வேறு எதிலும் ஒட்டவைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கேஷ் கிரெடிட் கணக்கு, அதாவது வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் வங்கிக் கடன் கணக்கு, எனக்குப் பிடித்த இடம். வழக்கமாக அது கடன். ஏதாவது ஒரு மாதக் கடைசியில் பெரிய வசூல் வந்து டெபிட் பேலன்ஸில் நின்றால், அன்றைக்கு அது சொத்துப் பக்கம் போக வேண்டும். இதற்கு அந்த லெட்ஜரை அச்சாகாத ஒரு வரியில் எடுத்துக்கொண்டேன். கடன் பகுதியில் ஒரு கணக்கீட்டு வரி: மதிப்பு சைபருக்குக் கீழே இருந்தால் இங்கே காட்டு, இல்லாவிட்டால் சைபர். சொத்துப் பகுதியில் அதன் மறுபாதி. இப்போது அது தானாகவே பக்கம் மாறுகிறது. முன்பெல்லாம் எக்ஸலில் யாராவது கவனித்து மாற்ற வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் ரிப்போர்ட்டால் தீர்க்க முடியாது. கொடுக்க வேண்டிய வியாபாரக் கடனில் குறு, சிறு நிறுவனங்களுக்கானதைத் தனியாகக் காட்ட வேண்டும் என்கிறது ஷெட்யூல் 3. எல்லா சப்ளையர்களின் பாக்கியும் ஒரே கன்ட்ரோல் (மொத்த) லெட்ஜரில் இருந்தால் எந்த ரோ டெபினிஷனாலும் பிரிக்க முடியாது. சப்ளையர் பாக்கி எந்த லெட்ஜரில் ஏற வேண்டும் என்று சொல்லும் வெண்டர் போஸ்டிங் புரொஃபைலை இரண்டாக்கி, லெட்ஜரையே இரண்டாக்கினோம். டேர்ம் லோனில் அடுத்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய பகுதியும் இப்படித்தான். 2021 திருத்தத்துக்குப் பிறகு அது குறுகிய காலக் கடன்களுக்குள் வருகிறது. அதற்கும் தனி லெட்ஜர் வைத்து ஜர்னல் போடுகிறோம்.

லட்சக் கணக்குக்கு ஒரு சின்ன வழி. ரூபாயில் வரும் நெடுவரிசையை அச்சாகாதபடி வைத்துவிட்டு, பக்கத்தில் அதை 1,00,000-ஆல் வகுக்கும் ஒரு கணக்கீட்டு நெடுவரிசை போடுங்கள். மொத்த வருமானம் 100 கோடியைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் லட்சம் செல்லும், ஆனால் ஒரு அளவை எடுத்தால் முழுக்க அதே அளவுதான். இரண்டு தசம இடங்களில் காட்டும்போது சில கூட்டல்கள் 0.01 தள்ளி நிற்கும். ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசி அதை அப்படியே விட்டோம்.

அப்புறம் ஒன்று. போஸ்ட் செய்த என்ட்ரி உடனே ரிப்போர்ட்டில் வராது, ரிப்போர்ட் படிக்கும் தனித் தரவுக் கிடங்கான டேட்டா மார்ட்டுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் ரிப்போர்ட்டையும் ட்ரையல் பேலன்ஸையும் ஒப்பிட்டுத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பணப்புழக்க அறிக்கையை இன்னும் எக்ஸலில்தான் செய்கிறோம், அது அடுத்த வேலை. இதற்கிடையில் புது லெட்ஜர் கேட்கும் படிவத்தில் 'ஷெட்யூல் 3-ல் எந்த வரி?' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அது நிரம்பி வந்தால்தான் லெட்ஜர் திறக்கிறோம், அதே நாளில் ரோ டெபினிஷனிலும் சேர்த்துவிடுகிறோம்.